கப்பல் டிக்கெட்டுக்கு ஏன் ஒரே விலை இல்லை?

செம்பூர், மாட்டுங்கா பக்கம் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒன்று சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு ஒரு கட்டத்தில் கப்பலுக்குப் போய்விடுகிறது. மும்பையில் ஏறினால் கோவா, லட்சத்தீவு, கொச்சி என்று மூன்று நாலு நாள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது ஒரு தடவை கூட்டிப் போய்விட வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் பேச்சு முடிவது விலையில். அதே கப்பல், அதே தளம், அதே மாதிரி அறை. முதல் வாரம் பார்த்தவருக்கு ஒரு விலை, மூன்று வாரம் கழித்துப் பார்த்தவருக்கு வேறு விலை. டிசம்பரில் ஒன்று, பிப்ரவரியில் இன்னொன்று. "எல்லாம் கம்ப்யூட்டர் வைத்துப் பண்ணும் கொள்ளை சார்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபிக்குப் போய்விடுவோம்.

பாவம் கம்ப்யூட்டர்! அது நடுவில் வந்து சேர்ந்தது. கதை அதற்கு முன்பே, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆரம்பித்துவிட்டது.

ஆல்பர்ட் பாலின் என்றொரு மனிதர். அவருடைய அப்பா, அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் ஏற்பாடு செய்து தரும் ஏஜென்சியில் பங்குதாரர். 1874ல் அப்பா இறந்தபோது பாலினுக்கு வயது பதினேழு. தொழில் அவர் தலையில் விழுந்தது. மூட்டை முடிச்சோடு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து நிற்கும் ஏழைக் குடும்பங்களுக்கு அடித்தளத்தில் இடம் பிடித்துக் கொடுத்தே அவர் முன்னுக்கு வந்தார். 1886ல் ஹாபாக் என்ற பெரிய கப்பல் கம்பெனியின் பயணிகள் பிரிவுக்குத் தலைவரானார்.

அங்கே அவருக்கு இருந்த தலைவலி குளிர்காலம். வட அட்லாண்டிக்கில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் புயலும் பனியும் இருக்கும். வசதி உள்ளவர்கள் பயணம் போக மாட்டார்கள். லட்சம் லட்சமாகக் கொட்டிக் கட்டிய 'ஆகஸ்டா விக்டோரியா' போன்ற கப்பல் சும்மா நிற்கும். கடன் வட்டியும் மாலுமிச் சம்பளமும் நிற்காது. பாலின் அந்தக் கப்பலை வெயில் இருக்கும் பக்கம் அனுப்பிவிட்டார். 1891 ஜனவரி 22 அன்று 241 பேரை ஏற்றிக்கொண்டு அது மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியது. பாலினும் கூடவே போனார். ஜிப்ரால்டர், அலெக்சாண்டிரியா, பெய்ரூட், கான்ஸ்டான்டினோபிள் என்று சுற்றிவிட்டுக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் கழித்துத் திரும்பியது. முதல் உல்லாசக் கப்பல் பயணம் இதுதான் என்று ஜெர்மானியர்கள் சொல்வார்கள். எங்கள் பி அண்ட் ஓ கம்பெனி 1844லேயே மத்தியதரைக் கடல் சுற்றுலா நடத்தியது என்று ஆங்கிலேயர்கள் சொல்வார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது வேறு. கப்பல் சுற்றுலா என்ற சரக்கே சீசன் இல்லாத மாதங்களை எப்படி நிரப்புவது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. சீசனுக்கு ஒரு விலை என்பது பிற்பாடு யாரோ ஒட்டவைத்த தந்திரம் இல்லை. இந்தத் தொழில் பிறந்ததே அதில்தான்.

கரையை விட்டுக் கப்பல் நகர்ந்த நிமிஷம், காலியான அறையின் மதிப்பு பூஜ்யம். நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் மல்லிகைப்பூ விற்கும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. முகூர்த்த நாள் காலையில் முழம் என்ன விலை, சாதாரண நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு என்ன விலை? பூவும் அதேதான், கையும் அதேதான்!

பாலின் காலத்துக் கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஆனால் ஆளாளுக்கு விலையைக் குறைத்தால் எல்லோரும் முழுகிப்போவோம் என்ற பயமும் இருந்தது. அதனால் 1892ல் பாலின் முன்னின்று ஒரு கூட்டணி அமைத்தார். கம்பெனிகள் பயணிகளைப் பங்கு பிரித்துக்கொண்டன. கூட்டணி ஆட்டம் கண்டபோதெல்லாம் விலை சரிந்தது. 1904ல் ஹங்கேரியிலிருந்து கிளம்பும் மக்களை யார் ஏற்றுவது என்று குனார்ட் கம்பெனிக்கும் ஜெர்மன் கம்பெனிகளுக்கும் மோதல். அடித்தள டிக்கெட் இரண்டு பவுனுக்கு வந்தது. பிழைக்கப் போனவனுக்கு அந்த வருஷம் யோகம், அவ்வளவுதான். அடுத்த வருஷம் போனவன் என்ன பாவம் செய்தான் என்று கேட்டால் பதில் இல்லை.

பிறகு அமெரிக்கா கதவைச் சாத்தியது. 1921, 1924 சட்டங்கள் வந்து குடியேறுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டின. கப்பல்களின் அடித்தளம் காலி. கம்பெனிகள் என்ன செய்தன? அதே இடத்துக்கு வர்ணம் அடித்து, கட்டிலைச் சரிசெய்து, 'டூரிஸ்ட் தேர்ட்' என்று புதுப் பெயர் வைத்து, கோடை விடுமுறையில் ஐரோப்பா பார்க்கக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களுக்கும் வாத்தியார்களுக்கும் விற்றன. எனக்கு இந்தச் சரித்திரத்தில் ரொம்பப் பிடித்த இடம் இது. மூட்டையோடு வந்தவன் படுத்த இடத்தில் இப்போது கல்லூரிப் பையன் கிடார் வாசித்துக்கொண்டு போகிறான்.

1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்ட ஆரம்பித்தன. பெரிய கப்பல்களின் காலம் சில வருஷங்களில் முடிந்தது. வேலை இழந்த கப்பல்கள் நேராக உல்லாசப் பயணத்துக்கு வந்தன. 1966ல் டெட் ஆரிசன் என்பவரிடம் மயாமியில் பயணிகள் இருந்தார்கள், கப்பல் இல்லை. நார்வேக்காரர் க்னூட் க்ளோஸ்டரிடம் 'சன்வார்ட்' என்ற கப்பல் இருந்தது, பயணிகள் இல்லை. இருவரும் சேர்ந்தார்கள்; அப்புறம் பிரிந்தார்கள். 1972ல் ஆரிசன் கார்னிவல் கம்பெனியைத் தொடங்கி, பழைய கப்பல் ஒன்றை வாங்கி 'மார்டி க்ரா' என்று பெயர் மாற்றினார். முதல் பயணத்திலேயே அது மயாமி துறைமுக வாசலில் மணல்திட்டில் மாட்டிக்கொண்டது. உள்ளே டிராவல் ஏஜெண்டுகள் கூட்டம் வேறு! அந்தக் கம்பெனிதான் பின்னாளில் உலகிலேயே பெரியதானது.

அதே 1972ல் லண்டனில் இன்னொரு காரியம் நடந்தது. பி.ஓ.ஏ.சி. விமானக் கம்பெனியில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் ஒரு விதி எழுதினார். கணக்கு என்றதும் ஓட வேண்டாம், எளிதுதான். கடைசியாக ஒரு இருக்கை மிச்சம் இருக்கிறது. முழு விலை எட்டாயிரம், தள்ளுபடி விலை மூவாயிரம் என்று வைத்துக்கொள்வோம். மூவாயிரம் தருகிறேன் என்று ஒருவர் இப்போதே வந்து நிற்கிறார். கொடுக்கலாமா? எட்டாயிரம் தருபவர் பிறகு வருவதற்கான வாய்ப்பு எட்டில் மூன்றுக்கு மேல் இருந்தால் கொடுக்காதே, காத்திரு. அதற்குக் குறைவாக இருந்தால் கொடுத்துவிடு. அவ்வளவுதான் லிட்டில்வுட் விதி. நாம் இன்று பார்க்கும் ஆட்டம் முழுவதும் இதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

1978ல் அமெரிக்கா விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாட்டை எடுத்தது. 1981ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவு விமானக் கம்பெனி கிளம்பியது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பதிலடி கொடுத்தது. எல்லா இருக்கைக்கும் விலையைக் குறைக்கவில்லை. எப்படியும் காலியாகப் போகும் என்று கம்ப்யூட்டர் சொன்ன இருக்கைகளை மட்டும், முன்கூட்டியே வாங்குபவர்களுக்குப் போட்டியாளர் விலையில் கொடுத்தது. அவசரமாகப் போகிறவர்களிடம் பழைய விலை. 1986 முடிவதற்குள் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

காத்திருக்க முடிந்தவனுக்கும் முடியாதவனுக்கும் நடுவே கோடு போடுவதுதான் இந்த முறையின் வேலை. விமானத்துக்குக் கடைசி நேரத்தில் வருவது யார்? ஆபீஸ் வேலையாகப் போகிறவர். இல்லையென்றால் ஊரில் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று போன் வந்தவர். விலை கேட்டுத் திரும்பிப் போக மாட்டார். அதனால் நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்.

கப்பலில் இது தலைகீழ். சாவுச் செய்தி கேட்டு யாரும் உல்லாசக் கப்பலில் ஏறுவதில்லை! கடைசி வாரத்தில் வருபவர் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வீடு உள்ள, மலிவாக இருந்தால் போகலாம் என்று காத்திருந்த ஓய்வு பெற்றவர். அதனால் பல வருஷங்களாக அமெரிக்காவில் கப்பல் விலை கடைசியில் சரிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. விமானத்தில் காலி இருக்கை என்றால் டிக்கெட் பணம்தான் நஷ்டம். கப்பலில் காலி அறை என்றால் உள்ளே குடிக்கும் மதுபானம், சூதாட்டம், கரைச் சுற்றுலா என்று எல்லாம் நஷ்டம். பெரிய கம்பெனிகளின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கு வெளியேதான் வருகிறது. எனவே பாதி விலைக்காவது ஆளை ஏற்று.

இதில் கோபம் வந்தது முன்கூட்டியே வாங்கியவர்களுக்கு. ஆறு மாதம் முன்பே பணம் கட்டியவர், சாப்பாட்டு மேஜையில் பக்கத்து இருக்கைக்காரர் பாதி விலையில் வந்ததைக் கேட்டால் என்ன ஆகும்? அடுத்த தடவை அவரும் காத்திருப்பார். எல்லோரும் காத்திருந்தால் கம்பெனி தவிக்கும். ஆகவே 1990களில் முன்பதிவுத் தள்ளுபடிகள் வந்தன. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகும், 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்த பிறகும் விலைகள் சரிந்தன. 2015ல் ராயல் கரீபியன் கடைசி நேரத் தள்ளுபடியை நிறுத்தப்போவதாகவே அறிவித்தது. ஆகவே 'கடைசியில் குறையும்' என்பதைப் பழைய வழக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் விலை திடீரென்று அசைவதற்கு ஒரு காரணம் பாக்கிப் பணம் கட்டும் கெடு. அமெரிக்காவில் இது பொதுவாகப் புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் வரும். கட்டாதவர்களின் அறைகள் மறுபடி சந்தைக்கு வரும். கம்பெனி கையிருப்பைப் பார்த்து விலையைத் திருத்தும்.

சீசனைப் பொறுத்தவரை கடல்தான் எஜமானன். கரீபியனில் கிறிஸ்துமஸ் வாரம் உச்சம். புயல் காலமான செப்டம்பரில் மலிவு. அலாஸ்காவுக்கு மே முதல் செப்டம்பர் வரைதான். நம் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் மும்பையிலிருந்து உல்லாசம் சாத்தியமில்லை. 2021ல் மும்பையில் தொடங்கிய கார்டீலியாவின் 'எம்ப்ரஸ்' கப்பல் 2022 ஜூனில் சென்னைக்கு வந்தது; 2023 ஜூனில் அங்கிருந்து இலங்கைக்கும் போனது. மழைக்குக் கிழக்குக் கரை, மற்ற மாதங்களில் மேற்குக் கரை. பாலின் செய்த அதே வேலை!

எனக்குக் கப்பல் விலை மேல் பெரிய கோபம் கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜுஹு கடற்கரைக்குப் போய்விடலாம். கோபம் ரயிலில்தான். 2016 செப்டம்பர் 9 முதல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் பத்து சதவீத இடம் விற்கும்போதெல்லாம் அடிப்படைக் கட்டணம் பத்து சதவீதம் ஏறும்படி செய்தார்கள். ஒன்றரை மடங்கு வரை போனது. பிறகு உச்சவரம்பைக் கொஞ்சம் இறக்கினார்கள். டெல்லியில் இருக்கும் நம்மவர்கள் சென்னை ராஜதானியில் இதைப் பார்த்திருப்பார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவனும், அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஓடுகிறவனும் உல்லாசப் பயணி இல்லை. கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதி அவனுக்குக் கிடையாது. காலி அறையை நிரப்பக் கண்டுபிடித்த கணக்கை, எப்படியும் நிரம்பி வழியும் வண்டியில் கொண்டுவந்து வைத்தால் அது வேறு காரியம் ஆகிவிடுகிறது. 1904ல் இரண்டு பவுனுக்குப் போனவனுக்கு அடித்தது அதிர்ஷ்டம். இங்கே அதுவும் இல்லை.

கப்பலுக்கே திரும்பினால், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒரு தகவல். ஒரு அறைக்கு இரண்டு பேர் என்பதுதான் கம்பெனிகளின் அடிப்படைக் கணக்கு. மூன்றாவது, நான்காவது ஆள் ஏறுவதால்தான் கப்பல்கள் நூறு சதவீதத்துக்கு மேல் நிரம்பியதாக அறிக்கை விடுகிறார்கள். உயிர்காப்புச் சாதனங்களில் எத்தனை பேருக்கு இடம் உண்டோ அதற்கு மேல் ஆட்களை ஏற்ற முடியாது என்பதால், நாலு படுக்கை அறைகள் கொஞ்சமாகவே விற்கப்படும், பள்ளி விடுமுறை வாரங்களில் முதலில் தீர்வதும் அவைதான். இரண்டு பேர் மட்டும் போவதென்றால் கடைசி வரை காத்திருந்து பார்க்கலாம். பிள்ளைகள் இரண்டு, கூட பாட்டி தாத்தாவும் என்றால் அட்டவணை வந்ததுமே வாங்கிவிடுங்கள். துறைமுகக் கட்டணமும் வரியும் அந்த விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.