புதுப்பேட்டையிலிருந்து அலிபிரிக்கு ஒரு மேனிஃபோல்டு

சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடை வாசலில், கழற்றிப் போட்ட கதவுகளுக்கும் ஹெட்லைட்டுகளுக்கும் நடுவே அது கிடந்தது. ஓர் அலுமினியப் பெட்டி, அதிலிருந்து நீளும் நான்கு குட்டைக் குழாய்கள், மூட்டுகளில் பற்றவைத்த தழும்பு. ரேஸுக்காக யாரோ கையால் செய்த இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி. மாருதி எஸ்டீமின் 1298 சிசி எஞ்சினுக்குப் பொருந்தும் என்றார் கடைக்காரர். நண்பனிடம் எஸ்டீம் இருந்தது. அதன் 85 குதிரைத்திறன் போதவில்லை என்ற குறையும் இருந்தது.

கோணிப்பையில் கட்டி, சித்தூர் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் தள்ளினோம். இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டியபோது, அங்குள்ள 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடத்தில் இது எத்தனை சுற்று சுற்றியதோ என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தூர்ப் பட்டறை அண்ணன் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பவர். குழாயின் மேல் விரலை விரித்து வைத்துப் பார்த்தார். "ஒரு சாண்கூட இல்லையே தம்பி. எந்த ரோட்டுக்கு?"

"திருமலைக்குத்தான் அடிக்கடி போவோம்."

"அப்ப பிக்கப் போயிடும்."

நாங்கள் கேட்கவில்லை. வண்டியை மாற்றியமைப்பது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றியும் அன்று யாரும் வாய் திறக்கவில்லை. புது கேஸ்கட் வெட்டி, த்ராட்டில் கேபிள் பிடிமானத்தை அரத்தால் ராவி, அரை நாளில் மாட்டிவிட்டார். கம்பெனி மேனிஃபோல்டு பரணுக்குப் போனது. அதன் குழாய்கள் வளைந்து, ஒடுங்கி, இதைப்போல இரண்டு மடங்கு நீளம்.

அந்த நீளம் வீண் இல்லை என்பதைத் திருமலையில் க்யூவில் நின்றவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். பெட்டிதான் கம்பார்ட்மெண்ட், குழாய்தான் வரிசை, வால்வுதான் கதவு. கதவு திறந்ததும் காற்று ஓட ஆரம்பிக்கிறது. பிஸ்டன் அடிமட்டம் தொட்டு மேலே திரும்பிய பிறகும் கதவு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். நீண்ட, ஒடுங்கிய வரிசையில் வேகம் பிடித்த கூட்டம் அந்த நேரத்திலும் முண்டியடித்து உள்ளே போகும். குட்டையான, அகலமான வழியில் குறைந்த சுற்றில் அந்த வேகமே வராது. மேலே ஏறும் பிஸ்டன் வந்தவர்களையே வெளியே தள்ளிவிடும். இதோடு அழுத்த அலையும் உண்டு. அது ஒலியின் வேகத்தில் குழாயின் வாய்வரை போய்த் திரும்புகிறது. கதவு மூடுவதற்குச் சற்று முன் வந்து சேர்ந்தால் ஒரு வாய் காற்று கூடுதல். நிமிடத்துக்கு 3000 சுற்றில் வால்வு திறந்திருப்பது ஏறத்தாழ 13 மில்லி செகண்ட், 6000-இல் அதில் பாதி. மெதுவான எஞ்சினுக்கு நீளக் குழாய், வேகமான எஞ்சினுக்குக் குட்டைக் குழாய்.

அமெரிக்காவில் கிறைஸ்லர் இதை 1960-லேயே விற்றுக் காட்டியது. 300எஃப் காரில் 30 அங்குலக் குழாய் என்றால் 375 குதிரைத்திறன். உள்ளே அதையே 15 அங்குலமாகச் சுருக்கினால் 400. ஆனால் முறுக்குவிசையின் உச்சம் குறைந்தது, அதுவும் 2800 சுற்றிலிருந்து 3600-க்குத் தள்ளிப்போனது. விளம்பரத்தில் எப்போதும் குதிரைதான் பெரிய எழுத்தில் வரும்.

சித்தூர்–திருப்பதி சாலையில் எங்கள் எஸ்டீம் ஜோராகத்தான் ஓடியது. 5000 சுற்றைத் தாண்டினால் ஒரு கனைப்பு. நண்பன் முகத்தில் வெற்றி. பிறகு திருமலை அடிவாரத்து அலிபிரி. சோதனைச் சாவடியில் நேரம் பதிந்த சீட்டு. மேலே ஏற 28 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும், முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் குற்றம். 1974-இல் திறந்த இரண்டாவது மலைப்பாதை சுமார் 16 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் மணிக்கு 34 கிலோமீட்டர்தான். 5000 சுற்றுக்கு அங்கே என்ன வேலை? பஸ்ஸுக்குப் பின்னால் வளைவில் வேகம் குறைத்து மறுபடி மிதித்தால் எஞ்சின் இழுக்காமல் முனகியது. செகண்டிலிருந்து ஃபர்ஸ்டுக்கு. போதாததற்கு, மேலே போகப் போகக் காற்றே மெலிகிறது: திருப்பதியிலிருந்து ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 7 சதவீதம். எந்தக் குழாயை மாட்டினாலும் அந்த இழப்பு இழப்புதான்.

மறு வாரமே பழைய மேனிஃபோல்டு பரணிலிருந்து இறங்கியது. அண்ணன் ஒன்றும் சொல்லிக் காட்டவில்லை. ரேஸ் மேனிஃபோல்டின் நான்கு வாய்களிலும் பழைய துணியைத் திணித்து அலமாரியில் வைத்தார். "இல்லேன்னா குளவி கூடு கட்டிடும் தம்பி."