விசை ஓரிடம், வேலை ஓரிடம்: நீராவிக் கலப்பையும் கவலை ஏற்றமும்

ஜான் ஃபவுலரின் நீராவிக் கலப்பையையும் நம் கவலை ஏற்றத்தையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் எளிதில் தோன்றாது. முன்னது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஆலையில் பிறந்தது. பின்னது ஊர்த் தச்சரும் கொல்லரும் தோல் தொழிலாளரும் கூடிச் செய்தது. அது நிலத்தை உழுதது. இது கிணற்றிலிருந்து நீர் இறைத்தது. ஆனால் இரண்டையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்து அருகருகே வைத்தால், ஒரே கணக்கை இரு நாட்டார் தனித்தனியே போட்டிருப்பது தெரிகிறது. இழுக்கும் விசை ஓரிடத்தில் இருக்க, வேலை மற்றோரிடத்தில் நடக்க வேண்டும். அதற்கு என்ன வழி? இருவரும் கண்ட விடை கயிறு.

ஃபவுலரின் இடர்ப்பாடு பாரம். பெரிய உழவு எஞ்சின் ஒன்றின் எடை 20 டன்னை நெருங்கும். ஈரக் களிமண்ணில் அதை இறக்கினால் உழுவதற்கு முன்பே நிலம் இறுகிவிடும், எஞ்சினும் புதைந்துவிடும். ஆகவே வயலின் எதிரெதிர் ஓரங்களில் இரண்டு எஞ்சின்களை நிறுத்தி, கொதிகலனுக்கு அடியில் உள்ள உருளையில் சுற்றிய எஃகு வடத்தால் கலப்பையை மட்டும் இங்கும் அங்குமாக இழுத்தார்கள். கவலைக்காரருடைய இடர்ப்பாடு ஆழம். முப்பதடிக் கிணற்றுக்குள் காளை இறங்க முடியாது. ஆகவே கப்பியில் வடக்கயிற்றை ஓட்டி, காளைகளை மேலேயே நடக்கவிட்டு, நீர் மொள்ளும் சாலை மட்டும் உள்ளே அனுப்பினார்கள்.

இதுவரை ஒற்றுமை. வேற்றுமையும் இதே இடத்தில்தான் முளைக்கிறது. ஃபவுலருக்குப் பாரம் சுமை. அதை வயலுக்கு வெளியே ஒதுக்கி வைத்தார். கவலைக்காரருக்குப் பாரம் முதல். அதையே வேலைக்கு வைத்தார். காளைகள் இழுக்கும்போது சரிவில் இறங்குகின்றன. அவற்றின் உடல் எடையும் இழுவையோடு சேர்ந்துகொள்கிறது. ஓட்டுபவரும் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் கொடுத்தார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது சோம்பல். கணக்குப் பார்ப்பவருக்கு இயக்கவியல்.

இரண்டு கருவிகளின் நுட்பமும் இழுவையில் இருப்பதைவிட, இழுவை முடிந்து திரும்பும் இடத்தில்தான் கூடுதலாக வெளிப்படுகிறது. எந்தக் கலப்பைக்கும் உழவுச் சால் முடியும் இடத்தில் திரும்பும் தொல்லை உண்டு. ஃபவுலரின் கலப்பை திரும்புவதே இல்லை. நடுவில் சக்கரங்கள், இரு பக்கமும் எதிரெதிராக நோக்கிய கொழுக்கள்; ஒரு பக்கம் மண்ணுக்குள் இருக்க மறுபக்கம் உயர்ந்து நிற்கும். ஓரம் வந்ததும் உழவர் மறுமுனை இருக்கைக்கு மாறுகிறார்; தூக்கி நின்ற பக்கம் தாழ்கிறது; எதிர் எஞ்சின் இழுக்கத் தொடங்குகிறது.

கவலையிலும் பல ஊர்களில் காளைகள் திரும்பவில்லை. பின்னோக்கி நடந்தே மேடேறின. அதைவிட வியப்பு, சால் தன்னைத் தானே கவிழ்த்துக்கொள்ளும் முறை. சாலின் அடியில் தைத்த தோல் குழாயான தும்பியை வால்கயிறு என்னும் இரண்டாம் கயிறு மேல்நோக்கி மடித்துப் பிடித்திருப்பதால், ஏறும்போது நீர் உள்ளேயே நிற்கிறது. கிணற்று வாயை எட்டியதும் வால்கயிறு தும்பியைக் கப்பிக்குக் கீழே தாழ்ந்த உருளையின் மேல் தொட்டிக்குள் இழுக்க, வடக்கயிறோ சாலை இன்னும் உயரத் தூக்குகிறது; நீர் கொட்டிவிடுகிறது. கிணற்றடியில் சாலைக் கவிழ்க்க ஓர் ஆள் வேண்டியதில்லை. இரு கயிறுகளின் நீளமும், கப்பியும் உருளையும் நிற்கும் உயரமும் அந்த ஆளின் வேலையைச் செய்துவிடுகின்றன.

இன்னோர் உறவும் உண்டு: இரண்டையும் ஓட்டுபவர்கள் வேலை நடக்கும் இடத்தை முழுதும் காணாதவர்கள். மேடுபள்ளமான வயலில் எதிர் எஞ்சின் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியமாட்டார்; ஊதல் ஒலிதான் சைகை. கவலை ஓட்டுபவருக்குக் கிணற்றின் அடி தெரியாது. கயிறு தளர்வதும் கனப்பதும்தான் சைகை. அங்கே செவி, இங்கே கை.

உடைமையில் இரண்டும் முற்றிலும் எதிரெதிர். நீராவிக் கலப்பை நாடோடி. ஒப்பந்தக்காரர் ஒருவர் எஞ்சின் சோடி, தண்ணீர் வண்டி, ஆட்கள் தங்கும் வண்டி ஆகியவற்றோடு பண்ணை பண்ணையாகப் போனார். கவலை ஊன்றிய கல். ஒரு கிணறு, ஒரு குடும்பம், ஒரு சோடிக் காளை. ஆகவே ஒன்றுக்குப் பெரும்பண்ணை தேவைப்பட்டது. மற்றதற்குச் சில ஏக்கரே போதும்.

சென்னை மாகாணத்தில் நீராவிக் கலப்பை வேரூன்றாமல் போனதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம் எனலாம். 1860களில் ஆளுநர் வில்லியம் டெனிசன் காலத்தில் அமைந்த சைதாப்பேட்டைப் பண்ணைக்காக இங்கிலாந்திலிருந்து தருவித்த கருவிகளில் நீராவிக் கலப்பையும் இருந்தது. அங்கே தொடங்கிய வேளாண் கல்வி 1906இல் கோவைக்குப் பெயர்ந்து பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கலப்பையோ உழவரின் கைக்கு வரவே இல்லை. அதே 1860களில் எகிப்தின் பெரும் பருத்திப் பண்ணைகளில் ஃபவுலர் எஞ்சின்கள் நன்றாக ஓடின. இங்கோ, ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்து மானாவாரிக் கேழ்வரகு நிலங்களை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 400 மீட்டர் வடத்தை இழுத்துக் கட்டினால், அது எத்தனை வரப்புகளையும் எத்தனை பட்டாக்களையும் கடக்கும்!

வாழ்வில் பிரிந்த இரண்டையும் சாவு சேர்த்துவைத்தது. 1917 முதல் இங்கிலாந்தில் இறங்கிய ஃபோர்ட்சன் டிராக்டர்கள் நீராவி உழவைப் பின்னுக்குத் தள்ளின. இங்கே அதற்குச் சற்று முன்பே, சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் கவலையின் திறனை அளந்து பார்த்து, அதனிடத்தில் ஆயில் எஞ்சினையும் பம்பையும் பரப்ப முனைந்தார். 1912இல் அவர் மைசூர் அரசின் தொழில் துறைக்குப் போனார். எல்லைக்கு அப்பாலும் அதே கவலைதான், பெயர் மட்டும் கபிலை. 20 டன் இரும்பையும் இரண்டு காளைகளையும் வீழ்த்தியது உருளைக்குள் எண்ணெய் எரியும் ஒரே வகைச் சிறு எஞ்சின். கவலையின் கடைசி மூச்சை மின்மோட்டார் நிறுத்தியது. எண்ணெய் எரியும் அந்தச் சிறு எஞ்சினின் வாரிசுகளைத்தான் ஓசூர் சிப்காட் வளாகத்து ஆலைகள் இன்று லாரியாகவும் மோட்டார் சைக்கிளாகவும் செய்து அனுப்புகின்றன.

சாவுக்குப் பிந்தைய வாழ்வில் மறுபடியும் பிரிவு. இங்கிலாந்தில் 1966இல் நீராவிக் கலப்பைக்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள்; 1969இல் தொடங்கிய டோர்செட் நீராவி விழாவில் எஞ்சின்கள் மெய்யான மண்ணை மெய்யாகவே உழுது காட்டின. கிருஷ்ணகிரி மாவட்டமும் காளையை மறக்கவில்லை. தை பிறந்தால் எருது விடும் விழாவில் ஊரே திரள்கிறது. ஆனால் அங்கே போற்றப்படுவது காளையின் ஓட்டம், காளையின் உழைப்பு அல்ல. அவர்கள் வேலையைக் காத்தார்கள். நாம் வேகத்தைக் காத்தோம்.

எது உயர்ந்தது என்று கேட்டால், ஆற்றலில் ஃபவுலர், சிக்கனத்தில் கவலை. நாளொன்றுக்குப் பத்து ஏக்கருக்கு மேல் உழுத கருவியோடு கவலை போட்டியிட முடியாது. எளிய பொருள்களைக் கொண்டு தானே கவிழும் சாலைச் செய்த அறிவோடு ஃபவுலரும் போட்டியிட முடியாது. ஆனால் இரும்பு கிடங்கில் காத்திருக்கும். தோலும் மரமும் காத்திரா. கவலை ஓட்டிய கைகள் முதிர்ந்துவிட்டன. கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் மாங்கனிக் கண்காட்சியின்போது, அருகில் ஒரு கிணற்றில் ஒரு கவலையைப் பூட்டி நீர் இறைத்துக் காட்ட மாவட்ட நிர்வாகமும் ஓசூர்த் தொழில் நிறுவனங்களும் முன்வர வேண்டும். தும்பி தைக்கவும் காளை பழக்கவும் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்தாக வேண்டும்.