ஆளுக்கொரு கட்டி, கட்டிக்கொரு அடையாளம்

கருப்பைவாய்ப் புற்றுக்குத் தடுப்பூசி இருக்கிறதே, நம் சேத்தூரில் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றுக்கு ஏன் இல்லை என்று பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். அதற்குப் பதில் சுண்டெலிகளிடம் இருக்கிறது.

1957இல் பிரென், மெயின் என்ற இருவர் மெதில்கொலாந்திரீன் என்னும் ரசாயனத்தால் சுண்டெலியில் கட்டி வரவழைத்தார்கள். அதை அதே இனத்து எலிகளில் வளரவிட்டு, அகற்றி, மீண்டும் அதே கட்டியைச் செலுத்தியபோது எலிகளின் உடல் அதை விரட்டிவிட்டது. இந்த எலிகள் பல தலைமுறையாக உடன்பிறந்தவற்றையே இணைசேர்த்து வளர்த்தவை. நம் ராஜபாளையம் நாயின் இனத்தைக் காப்பாற்றுவதெல்லாம் இதன் முன் ஒன்றுமேயில்லை! ஒன்றின் தோலை இன்னொன்றுக்கு ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே விரட்டியது வேற்று உடம்பு என்பதற்காக அல்ல, புற்று என்பதற்காகத்தான்.

அதே ரசாயனம் உண்டாக்கிய வேறொரு கட்டியைச் செலுத்தினால்? பெரும்பாலும் தடையின்றி வளர்ந்தது. ஒரே எலியில் இரண்டு இடத்தில் வந்த கட்டிகளுக்குக்கூடப் பொது அடையாளம் இருப்பது அரிது என்று பிறகு தெரிந்தது. வைரஸ் என்றால் அதன் புரதம் எல்லோரிடமும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தத் தொற்றையே ஊசியால் தடுக்கலாம். ரசாயனமோ மரபணுவில் கண்ட இடத்தில் கீறுகிறது.

இதில் நம்மவர் ஒருவர் வருகிறார். பிரமோத் ஸ்ரீவாஸ்தவா, அலகாபாத்தில் தாவரவியல் படித்தவர். ஹைதராபாத்தில் எம்.ஆர்.தாஸுடன் எலியின் கல்லீரல் புற்றை ஆராய்ந்து 1984இல் கட்டுரை வெளியிட்டார். பிறகு அமெரிக்கா போய், 1986இல் டிலியோ, ஓல்டு இருவருடன் சேர்ந்து சுண்டெலிக் கட்டிகளிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் ஜிபி96. ஒரு கட்டியிலிருந்து எடுத்தது அந்தக் கட்டிக்கு எதிராக மட்டுமே எலியைக் காத்தது. வேடிக்கை என்னவென்றால், புரதத்தின் அமைப்பு எல்லாக் கட்டியிலும் ஒன்றே! சாதாரணச் செல்லிலும் அதேதான். அது வெறும் சுமைகாரன். அந்தந்தக் கட்டியின் புரதத் துணுக்குகளைச் சுமந்து வந்து நோயெதிர்ப்புச் செல்களிடம் காட்டுகிறது என்று அவர் விளக்கினார். மூட்டைதான் கட்டிக்குக் கட்டி வேறு.

இதை வைத்து, நோயாளியின் சொந்தக் கட்டியிலிருந்தே அவருக்கான தடுப்பு மருந்து செய்தார்கள். 2008இல் ரஷ்யா சிறுநீரகப் புற்றுக்கு அதை அனுமதித்தது. அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. இப்போது கட்டியின் மரபணுவைப் படித்து ஆளுக்கொரு எம்ஆர்என்ஏ ஊசி தயாரித்துச் சோதிக்கிறார்கள். ஆளுக்கொரு மருந்து என்றால் விலை என்னவாகும், நம்மூர் மில் தொழிலாளிக்கு எப்போது எட்டும் என்பதுதான் என் கவலை.