நலிஸ்னிக்கி: உக்ரைனின் இனிப்பு கிரேப்பை வீட்டில் செய்வது எப்படி? பனீர் போட்டா சரி வருமா?

காகிதம் போல மெல்லிய கிரேப்புக்குள் இனிப்பான பாலாடைக்கட்டி. அதைச் சுருட்டி, மேலே க்ரீமும் வெண்ணெயும் சேர்த்து இன்னொரு முறை வேகவைத்தால் அதுதான் உக்ரைனின் 'நலிஸ்னிக்கி'. இதற்கான பொருட்கள் எல்லாமே நம்ம ஊர் கடையில் கிடைக்கும், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை எப்படிச் சரிசெய்வது என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

நலிஸ்னிக்கி என்றால் என்ன?

உக்ரைனிய மொழியில் 'லிஸ்ட்' என்றால் இலை. இலை போல மெல்லியது என்பதால் இந்தப் பெயர் என்கிறார்கள் சிலர்; இலையின்மேல் வைத்துச் சுட்டதால் வந்தது என்கிறார்கள் வேறு சிலர். பக்கத்து நாடான போலந்திலும் கிட்டத்தட்ட இதே பெயர்தான்.

கோதுமை மாவு, முட்டை, பால் கலந்த ஈஸ்ட் இல்லாத மாவில் இதைச் சுடுகிறார்கள். சாதாரண கிரேப்பிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது கடைசிக் கட்டம். சுருட்டியதை அப்படியே பரிமாறாமல், க்ரீம் ஊற்றி மூடி வேகவைப்பார்கள். க்ரீமை உறிஞ்சிக்கொண்டு கிரேப் பஞ்சு போல ஆகிவிடும்.

இதுவும் ரஷ்யாவின் 'பிளினி'யும் ஒன்றா?

ஆங்கில மெனுக்களில் பல நேரம் இரண்டையும் ஒன்றாகவே போடுகிறார்கள். ஆனால் பிளினி என்பது மரபாக ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த மாவில் செய்வது. அமெரிக்காவில் பிரபலமான 'பிளின்ட்ஸ்' கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் எடுத்துச் சென்ற உறவுக்கார உணவு. அதைக் கடைசியில் வெண்ணெயில் பொரிப்பார்கள்.

ஒரு உணவு எந்தப் பெயரில் அறியப்படுகிறது என்பது உக்ரைனியர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிய 2022-ம் ஆண்டிலேயே, ஜூலை 1 அன்று, உக்ரைனிய போர்ஷ்ட் சூப் சமைக்கும் பண்பாட்டை உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது.

பனீர் போட்டா சரி வருமா?

கடையில் கிடைக்காத அந்த ஒன்று, 'சிர்' எனப்படும் பாலாடைக்கட்டி. பனீருக்குக் கொதிக்கும் பாலை எலுமிச்சை விட்டுத் திரிப்போம். அதனால் புளிப்பு குறைவு, சூட்டில் இளகவும் இளகாது. சிர் அப்படி இல்லை. பாலை முதலில் புளிக்கவைத்து, பிறகு மெதுவாகச் சூடாக்கி எடுப்பது. மென்மையாக, லேசான புளிப்போடு இருக்கும்.

வீட்டிலேயே செய்ய:

- 2 லிட்டர் கொழுப்புள்ள பாலை அடிகனமான பாத்திரத்தில் தயிராக உறையவிடுங்கள்.
- அதே பாத்திரத்தை மிகக் குறைந்த தீயில் வையுங்கள். கிளற வேண்டாம்.
- ஓரங்களில் தயிர் விலகி, வெளிர்பச்சைத் தண்ணீர் தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதித்தால் கட்டி ரப்பர் போல ஆகிவிடும்.
- ஆறியதும் துணியில் கட்டி 3 - 4 மணி நேரம் தொங்கவிடுங்கள். சுமார் 400 கிராம் கிடைக்கும்.

நேரம் இல்லையா? 300 கிராம் பனீரோடு 100 கிராம் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றுங்கள். வெறும் வடிகட்டிய தயிரை மட்டும் வைக்காதீர்கள். சூட்டில் இளகி வெளியே ஓடிவிடும்.

தேவையான பொருட்கள் (சுமார் 12 கிரேப்)

- மாவுக்கு: மைதா 200 கிராம், முட்டை 3, பால் 500 மி.லி., சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன்
- பூரணத்துக்கு: சிர் 400 கிராம், முட்டை மஞ்சள் கரு 1, சர்க்கரை 3 டேபிள்ஸ்பூன், உலர்திராட்சை ஒரு கைப்பிடி, கொஞ்சம் வெனிலா
- மேலே ஊற்ற: ஃப்ரெஷ் க்ரீம் 200 மி.லி., வெண்ணெய் 50 கிராம், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன்

செய்முறை

1. முட்டை, சர்க்கரை, உப்பை அடித்து, பாதிப் பாலும் மைதாவும் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். மீதிப் பால், எண்ணெய் சேர்த்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். மாவு மோர் போல ஓட வேண்டும்.
2. நான்ஸ்டிக் தவாவைச் சூடாக்கி, லேசாக வெண்ணெய் தடவுங்கள். ஒரு கரண்டி மாவை ஊற்றியதும் தவாவைத் தூக்கிச் சாய்த்துச் சுழற்றுங்கள். தோசை மாதிரி கரண்டியால் தேய்த்தால் கிழிந்துவிடும்.
3. ஓரம் பொன்னிறமானதும் திருப்பிப் போட்டு, அரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி வைத்தால் மொறுமொறுப்பாகாது, சுருட்டவும் எளிது.
4. பூரணப் பொருட்களைப் பிசைந்து, ஒவ்வொன்றிலும் 2 டேபிள்ஸ்பூன் வைத்துச் சுருட்டுங்கள். பூரணம் நீர்த்திருந்தால் ஒரு ஸ்பூன் ரவை சேர்க்கலாம்.
5. வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் அடுக்கி, க்ரீமில் சர்க்கரை கலந்து ஊற்றி, மீதி வெண்ணெயைத் துண்டுகளாக வையுங்கள். மூடி, 180 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம்.

ஓவன் இல்லையென்றால்?

அடிகனமான கடாயில் அடுக்கி, மூடி போட்டு, அடியில் தோசைக்கல் வைத்துக் குறைந்த தீயில் 12 - 15 நிமிடம் வைத்தால் போதும். மேலே நிறம் வராது; மென்மை அப்படியே வரும்.

வேறு என்ன வைக்கலாம்?

அரைத்த கசகசாவும் தேனும், புளிப்புச் செர்ரி, சர்க்கரையில் வதக்கிய ஆப்பிள் ஆகியவையும் உக்ரைனில் வழக்கம்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்குத் தடை இருக்கிறது.

முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

தாராளமாக. க்ரீம் ஊற்றாமல், சுருட்டியதை டப்பாவில் அடுக்கி ஃப்ரீசரில் வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சுருட்டி வைத்தால், வேலைநாள் இரவில் க்ரீம் ஊற்றி வேகவைப்பது மட்டும்தான் பாக்கி. உறைந்திருப்பதால் 10 நிமிடம் கூடுதலாக விடுங்கள்.