ஃபார்தர், ஃபர்தர்

ஃபார்தர், ஃபர்தர் என்பன, தூரத்தைச் சுட்டும் ‘ஃபார்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் ஒப்பீட்டு வடிவங்களாக இன்று வழங்கும் இரு பதங்கள். ஃபார்தெஸ்ட், ஃபர்தெஸ்ட் என்பன இவற்றின் உச்சநிலை வடிவங்கள்.

உற்பத்தி: இவ்விரண்டனுள் புராதனமானது ஃபர்தர். முன்னோக்கிச் செல்லுதலைக் குறிக்கும் ‘ஃபோர்த்’ என்னும் சொல்லோடு உறவுடைய அதன் திரிபாக இடைக்கால ஆங்கிலத்தில் தோன்றிய ஃபார்தர், ‘ஃபார்’ என்பதற்கு இயல்பாக உரிய பழைய ஒப்பீட்டு வடிவம் வழக்கொழிந்தபோது, அதன் ஸ்தானத்தைத் தானும் பெற்றது.

பிரயோகம்: அளந்தறியத்தக்க தூரத்துக்கு ஃபார்தர் என்றும், காலம், அளவு, கருத்து ஆகியவற்றின் மிகுதிக்கு ஃபர்தர் என்றும் வரையறுப்பது, அமெரிக்க இலக்கண ஆசிரியர் பலர் போற்றும் நியதி. சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் மார்க்கத்தில் அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர், ஆவடி என நிலையங்கள் வரிசையாக அமைந்திருத்தலின், திருமுல்லைவாயிலினும் ஆவடி தொலைவானது என்னுமிடத்து ஃபார்தர் பொருந்தும். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் ஆலயத்தின் வரலாற்றை மேலும் ஆராய விழைபவரோ ஃபர்தர் என்றே எழுதுதல் வேண்டும்.

பிரிட்டிஷ் வழக்கில் தூரத்துக்கும் ஃபர்தர் தாராளமாகப் பயின்று வருகிறது. ஒரு காரியத்தை அபிவிருத்தி செய்தல் என்னும் வினைப்பொருளிலும், ‘ஃபர்தர் ஸ்டடீஸ்’ எனப்படும் மேற்படிப்பிலும், அடுத்த அறிவிப்பு வரும்வரை என்னும் அலுவலகத் தொடரிலும் ஃபார்தருக்கு இடமில்லை. ஆதலின், பிரிட்டிஷ் மரபைத் தழுவிக் கற்கும் நம் மாணாக்கர், ஐயம் எழுமிடத்தெல்லாம் ஃபர்தரையே கைக்கொள்வது உசிதம்.