சல்யூட் அடிக்கும் கை

என் மாமன் மகன் ராசிபுரத்துக்காரன். ரெண்டு வருஷம் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஓடி, மத்தியப் படை ஒன்றின் உடல்தகுதித் தேர்வைத் தாண்டினான். மருத்துவத் தேர்வில் நிறுத்திவிட்டார்கள். வலது முன்கையில் 'அம்மா' என்று பச்சை குத்தியிருக்கிறான். "இடது கையில குத்தியிருந்தாப் பிரச்சினையே இல்லீங்க மச்சான்" என்றான் போனில். நான் சிரித்துவிட்டேன். விதியைத் தேடிப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

மத்திய ஆயுதக் காவல் படைகளின் மருத்துவ விதிப்படி மதச் சின்னமோ பெயரோ குத்தியிருக்கலாம். ஆனால் முன்கையின் உள்பக்கம் என்றால் இடது கையில் மட்டும்தான். காரணமும் அங்கேயே எழுதியிருக்கிறது: அது சல்யூட் அடிக்காத கை. அளவும் அந்த உறுப்பில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். ராணுவத்தில் கணக்கு வேறு. முழங்கையின் உள்பக்கம் முதல் மணிக்கட்டு வரை, பிறகு புறங்கை. இந்த இடங்களைத் தாண்டினால் கூடாது. பழங்குடியினருக்கு மட்டும் அவர்கள் மரபுப்படி விலக்கு உண்டு.

மரபு என்றால் எங்கள் அம்மாயிக்கும் மரபுதான். அவருக்கு ரெண்டு கையிலும் பச்சை: ஒன்றில் கோலம், இன்னொன்றில் தேள். "செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான் கண்ணு" என்பார். அவர் சிறுமியாக இருந்தபோது ஊருக்குள் வந்த குறத்தி குத்தியது. கூலி தானியம்.

1909இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூல் இந்தத் தொழிலையும் விவரிக்கிறது. மஞ்சளும் அகத்தி இலையும் சேர்த்துக் கரியாக்கி, தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் குத்துவார்கள். இங்கே வீட்டுக்கு வீடு பெண்களின் கையில் இருந்தது குறத்தியின் கைவேலை.

அந்தக் குறவர்களுக்கு அரசாங்கம் என்ன செய்தது? 1871இல் வட இந்தியாவில் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911 சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தாலே போதும்: பதிவேட்டில் பேர், விரல் ரேகை, ஸ்டேஷனில் ஆஜர். ஊருக்கே கையில் அடையாளம் போட்டுவிட்டவர்களின் ரேகை போலீஸ் நோட்டில் ஏறியது. சட்டம் 1952இல் ரத்தானது. ஆனால் சீர்மரபினர் பட்டியலில் 'சேலம் உப்புக் குறவர்', 'சேலம் மேல்நாட்டுக் குறவர்' என்று எங்கள் ஊர்ப்பேர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்கும் முன்னால் அரசாங்கமே பச்சை குத்தியிருக்கிறது. 1797இல் வங்காளத்தில் கம்பெனி ஆட்சி போட்ட விதிப்படி, சில குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில் குற்றத்தின் பெயரைக் குத்தினார்கள். 1849இல்தான் இதை நிறுத்தினார்கள். தண்டனைக் காலம் முடியலாம். நெற்றி எழுத்து அழியாது. அதோடு யாரிடம் போய் வேலை கேட்பது? தலைப்பாகையை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டவர்கள் உண்டு.

பச்சையே தகுதிச் சான்றாக ஆன கதையும் நம்மிடம் இருக்கிறது. எழுபதுகளில் எம்ஜிஆர் தன் கட்சிக்காரர்களைக் கட்சி அடையாளத்தைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். மறுத்துப் பேசியவர்களுக்குக் கட்சியில் இடமில்லாமல் போனது.

என் தாத்தா கடுக்கன் போட்டிருந்தார். அது அவருக்குக் கௌரவம். நான் கல்லூரி வளாகத் தேர்வுக்குப் போனபோது அதே கடுக்கனைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள், கழற்றினேன். பிறகு பெங்களூரில் எனக்கு மேலே இருந்த மேனேஜருக்குத் தோள் முதல் மணிக்கட்டு வரை டாட்டூ. அவருக்கு அது ரசனை, மாமன் மகனுக்கு அது தகுதிக் குறைவு. தோலில் இருப்பது என்னவோ ஒரே மைதான். அதைப் படிக்கிறவன் யார், எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் மாறுகிறது.

சீருடைப் பணிக்கு விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெறுப்பைக் கக்கும் வாசகத்தோடு ஒருவன் துப்பாக்கி ஏந்தக் கூடாது. சுத்தமில்லாத ஊசியால் நோய் தொற்றும் என்பதும் உண்மை. ஆனால் 'அம்மா' என்ற சொல் இடது கையில் இருந்தால் பாசம், வலது கையில் இருந்தால் ஒழுங்கீனம் என்பதை எந்தத் தர்க்கத்தில் வைப்பது? நீதிமன்றங்களுக்கும் இந்தக் கேள்வி போயிருக்கிறது. பச்சையை லேசரில் அழித்துக்கொண்டால் வாய்ப்புக் கொடுங்கள் என்ற தீர்ப்புகள் வந்திருக்கின்றன. அப்படியானால் ஓடிய கால்களில் குறையில்லை, எழுத்தில்தான் குறை.

மாமன் மகன் இப்போது சேலத்துக்கு லேசர் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். குத்த ஆன செலவைப்போலப் பல மடங்கு அழிக்க ஆகிறது. முதல் தடவை போய்விட்டு வந்தபோது கையில் கட்டு. அத்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எம்பேரு இருந்தா என்ன, போனா என்ன சாமி. நீ வேலைக்குப் போ" என்றார்.

அவன் மறுநாளும் நாலு மணிக்கு எழுந்து ஓடப் போனான்.