கிராண்ட்-கோர்ஸ் பண்ணை: நிலத்தோற்றப் பாதுகாப்பும் மீட்டெடுப்பும்

கிராண்ட்-கோர்ஸ் பண்ணை, அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் டீர் லாட்ஜ் ஊரை ஒட்டி, கிளார்க் ஃபோர்க் ஆற்றங்கரையில் அமைந்த தேசிய வரலாற்றுத் தலமாகும். 1862இல் ஜானி கிராண்ட் கட்டிய வீட்டையும் பண்ணையையும் 1866இல் விலைக்கு வாங்கிய கான்ராட் கோர்ஸ், இறைச்சிக் கடைக்காரராகத் தொடங்கி, வேலியற்ற பொதுப் புல்வெளிகளில் மாடுகளை மேயவிட்டுப் பெருஞ்செல்வரானார். 1886–87 குளிர்காலத்தில் மந்தைகள் பெருமளவில் மடிந்தபின் அம்முறை நிலைகுலைய, வேலியடைத்த மேய்ச்சலும் குளிர்காலத்துக்கான உலர்புல் சேமிப்பும் இன்றியமையாதனவாயின. இப்பண்ணையைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் 1972இல் இயற்றியது.

இங்குப் பாதுகாக்கப்படுவது கட்டடத் தொகுதி மட்டுமன்று. மனித உழைப்பால் உருவாகி அவ்வுழைப்பாலேயே நிலைத்திருக்கும் இடமும், அதாவது 'பண்பாட்டு நிலத்தோற்றமும்' இங்குப் பாதுகாக்கப்படுகிறது. வீட்டைப் பூட்டி வைத்தும் காக்கலாம். ஆனால் புல் அறுக்காமலும் வாய்க்காலில் நீர் பாயாமலும் விடப்பட்ட வயல் சில ஆண்டுகளிலேயே வேறொன்றாகிவிடும். ஆகவே தேசியப் பூங்காப் பணியகம் இங்கு மாடுகளையும் குதிரைகளையும் வளர்த்து, இதை இயங்கும் பண்ணையாகவே நடத்துகிறது. பண்ணை வேலையின் அடையாளங்களும் இந்நிலத்தோற்றத்தைச் சேர்ந்தவையே. குழி தோண்டாமல், இரு கழிகளைப் பெருக்கல் குறி போல் சாய்த்துக் கோத்து, அவற்றின்மேல் நீண்ட மரங்களைப் பிணைக்கும் 'ஜாக்லெக்' வேலி, கற்கள் நிறைந்த நிலத்துக்கேற்ற எளிய தீர்வாகும். 'பீவர்ஸ்லைடு' என்பது உலர்புல்லைப் போராகக் குவிக்க உதவும், மரச் சட்டங்களாலான உயர்ந்த சாய்தளம். குதிரைகள் கயிற்றை இழுக்க, புல்லேந்திய தட்டு அதன்மேல் ஏறி உச்சியில் கவிழ, மறுபுறம் புற்போர் குவியும்.

மீட்டெடுப்பின் கடினமான பகுதி ஆற்றங்கரையே. மேலாற்றுப் பகுதியில் உள்ள பியூட், அனகோண்டா ஆகிய ஊர்களின் செப்புச் சுரங்க, உருக்காலைக் கழிவுகளை 1908ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அடித்துவந்து கரையெங்கும் படியவைத்தது. செம்பும் ஆர்சனிக்கும் கலந்த அம்மண்ணில் எதுவும் முளைக்காத வெற்றுத் திட்டுகள் தோன்றின. இவை 'ஸ்லிக்கென்ஸ்' எனப்படும். நச்சுக்கழிவு அகற்றலுக்கான சூப்பர்ஃபண்ட் சட்டத்தின்கீழ் மாசுபட்ட மண்ணை அகழ்ந்து அகற்றி, வேற்றிடத்து மண் நிரப்பி, வில்லோ முதலிய மண்ணுக்குரிய செடிகள் நடப்பட்டன.

வரலாற்று நிலத்தோற்றத்தைக் காத்தல், ஆற்றங்கரையை மீட்டெடுத்தல் ஆகிய இரு நோக்கங்களும் இவ்விடத்தில்தான் முரண்படுகின்றன. கோர்ஸின் காலத்து மாடுகள் ஆற்றில் இறங்கி நீர் குடித்தன. அக்காட்சியும் வரலாற்று நிலத்தோற்றத்தைச் சேர்ந்ததே. எனினும் நாற்றுகள் வேரூன்ற மாடுகளைக் கரையிலிருந்து விலக்கி வைக்க வேண்டியிருப்பதால், வரலாற்றுத் துல்லியத்தைவிட ஆற்றின் நலமே இங்கு முன்னுரிமை பெறுகிறது. நச்சு படிந்த கரையைப் பொறுத்தவரை இது நியாயமான தேர்வே.